பீரோவில் தூங்கும் படங்கள்

உங்கள் வீட்டுப் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? நகைப் பெட்டி, பாங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் என்று சொல்வீர்கள். அவற்றோடு ஒரு சின்ன உறையும் இருக்கிறதா, பாருங்கள். உள்ளே பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று இருக்கும். கைப்பேசியில் படம் எடுக்கும் வழக்கம் வந்த பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதன் வயிற்றுக்குள் தபால் தலை அளவில் ஒரு கார்டு இருக்கிறதே, அதில் உங்கள் குடும்பத்தின் ஐந்தாறு வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கும். தங்கையின் கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்த நாள், இன்று நம்மோடு இல்லாத பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் காட்சி, எல்லாம்!

பிலிம் போட்ட காலத்தில் நமக்கு இவ்வளவு கவலை இருந்ததில்லை. ஆல்பத்தில் ஒட்டிய படம் மங்கிப் போனாலும் நெகடிவ் இருக்கும். அதைக் கொண்டு இன்னொரு பிரதி போட்டுக் கொள்ளலாம். டிஜிட்டல் காமிராவில் நெகடிவ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கார்டில் இருப்பதுதான் நெகடிவ், அதுவேதான் படம். அது போனால் இரண்டும் போயிற்று. போதாததற்கு, அந்தக் கார்டு படங்களை மிக நுண்ணிய மின்சாரத் துளிகளாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. வருஷக் கணக்கில் தொடாமல் கிடந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகக் கூடும்.

கார்டு என்பது கடைக்குக் கொண்டு போகிற பை மாதிரி. அரிசி வாங்கி வந்தால் பையிலேயேவா வைத்திருக்கிறோம்? டின்னில் கொட்டி மூடி வைக்கிறோம் அல்லவா? காமிராப் படங்களுக்கு அந்த டின் எது என்றால், கம்ப்யூட்டர்தான். பையிலிருந்து டின்னுக்கு மாற்றும் காரியத்தை வீட்டுப் பெண்களே செய்து கொள்ள முடியும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம்.

மதினியின் கேள்வி

தென்காசி ஜில்லாவில், மேற்கு மலையின் அடிவாரத்தில் அச்சன்புதூர் என்று ஒரு பேரூர் இருக்கிறது. குற்றாலத்து ஸீஸன் காலத்தில் சாரல் எட்டிப் பார்க்கிற வட்டாரம். அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் 2008-ல் ஒரு காமிரா அனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் முழுவதும் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை வழியாக ரயிலில் போய் வந்தது. ஜன்னல் வழியே ஆரியங்காவுக் குகையையும் பதின்மூன்று கண் பாலத்தையும் பையன் எடுத்துத் தள்ளினான். 1904-ல் வந்த அந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதை வேலைக்காக 2010-ல் மூடப்பட்டது. 2018-ல் மறுபடி அந்த மலையில் ஓடியது அகலப் பாதை ரயில். பாலம் இருக்கிறது, குகை இருக்கிறது, அந்தச் சின்ன ரயில் மட்டும் இல்லை. இனி எந்தக் காமிராவாலும் எடுக்க முடியாத படம் அந்த வீட்டுக் கார்டில் இருக்கிறது!

அதே வீட்டில் ஒரு லேப்டாப்பும் இருக்கிறது. பெண் பிளஸ் டூ படித்த காலத்தில் சர்க்கார் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும் உண்டு, கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் உண்டு. இயந்திரத்தை முடுக்கும்போது எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். அநேகம் பேர் அந்த இரண்டாவது பெயரின் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

இப்போது அந்த லேப்டாப்பில் விண்டோஸ் படுத்து விட்டது.

"மதினி, மிச்சம் இருக்கிற லினக்ஸிலே காமிரா எல்லாம் ஏறாது. கார்டைக் கொடுங்க, கடையிலே போட்டுக் காப்பி எடுத்திட்டு வாரேன்" என்கிறான் கொழுந்தன்.

"ஏன் தம்பி, அதிலே நம்ம வீட்டுப் பிள்ளைகள் படம் எல்லாம் இருக்குதே? முன்பின் தெரியாதவங்க கம்ப்யூட்டரிலே அதை ஏத்தணுமா?" என்கிறாள் மதினி.

மதினி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். படங்கள் முதலில் அவர் கம்ப்யூட்டரில் ஏறி, பிறகுதான் நமக்கு வரும். அங்கே ஏறிய பிரதியை அவர் அழித்தாரா, மறந்து போனாரா என்பது நமக்கு எப்படித் தெரியும்? பத்துப் பேர் கார்டுகள் ஏறி இறங்கும் இயந்திரத்தில் வைரஸ் ஒட்டிக் கொண்டு வீட்டுக்கு வருவதும் உண்டு. ஆகையால் கார்டு வீட்டு வாசலைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

கொழுந்தன் சொன்னதோ முழுக்கத் தப்பு. லினக்ஸில் காமிரா பேஷாக ஏறும்!

இந்த லினக்ஸ் யார்?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்பவர்கள் 'யூனிக்ஸ்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். கம்ப்யூட்டரை நிர்வகிக்கும் காரியஸ்தர் என்று அதைச் சொல்லலாம். அதே ரீதியில் 1991-ல் பின்லாந்தில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற காலேஜ் மாணவர் எழுதத் தொடங்கியது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் இனாமாக எடுத்துக் கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று அவர் விட்டு விட்டார். அதன்மேல் நம் நாட்டு சர்க்கார் ஸ்தாபனமான 'சி-டாக்', தமிழ் உள்படப் பல இந்திய பாஷைகளுக்கு வசதி செய்து தயாரித்ததுதான் பாஸ். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து சர்க்கார் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள். இன்னொரு சங்கதி: உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அதன் அடிவயிற்றில் ஓடுவதும் லினக்ஸ்தான். தினமும் தொட்டுப் புழங்குகிற ஆளைக் கண்டு பயப்படுவானேன்?

காமிராவிலிருந்து படத்தை வேறு இடத்துக்கு மாற்றும் சங்கடமும் புதிது அல்ல. 1975-ல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற இளம் இஞ்சினீயர் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அது ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அந்தக் காஸெட்டை வேறொரு கருவியில் போட்டு, டெலிவிஷனில்தான் படத்தைப் பார்க்க வேண்டும். அவர் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்கு கூட நமக்கு இல்லை.

செய்முறை

முதலில், பல வருஷம் தூங்கிய காமிராவின் பாட்டரி உயிரை விட்டிருக்கும். அதனால் காமிராவை விட்டுவிட்டுக் கார்டை மட்டும் எடுத்துக் கொள்வதே சௌகரியம். அநேக லேப்டாப்களின் ஓரத்தில் கார்டு நுழையும் வாய் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் 'கார்டு ரீடர்' என்று கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள், சொற்ப விலைதான். சில பழைய காமிராக்களின் கார்டு வேறு வடிவமாக இருக்கும். வாங்கும்போது கார்டைக் கையோடு கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள்.

கார்டை நுழைப்பதற்கு முன் ஒரு காரியம். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் நகத்தால் தள்ளக் கூடிய சின்னப் பூட்டு ஒன்று இருக்கிறது. அதை 'லாக்' என்ற பக்கம் தள்ளி விடுங்கள். இனி அதிலிருந்து படிக்கலாம். கை தவறி அழித்து விட முடியாது. பால் பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கார்டை நுழைத்ததும் திரையில் அதன் சின்னம் வரும். விண்டோஸில் பழகியவர்கள் சி, டி என்று எழுத்துக்களைத் தேடுவார்கள். லினக்ஸில் அவை கிடையாது. லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். நீங்கள் கார்டை நுழைத்தால், ஒட்டு மாங்கன்று கட்டுகிற மாதிரி அதையும் ஒரு கிளையாக மரத்தில் சேர்த்துக் கொள்ளும். இதற்கு 'மவுண்ட்' என்று பெயர்.

அந்தக் கிளையைத் திறந்தால் 'டி.சி.ஐ.எம்.' என்று ஓர் உறை தெரியும். எந்தக் கம்பெனிக் காமிராவானாலும் இந்தப் பெயர்தான். 1998-ல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த விதி இது. அதற்குள்ளே 100, 101 என்று எண்ணில் தொடங்கும் சின்ன உறைகள் இருக்கும். படங்கள் அவற்றில்தான் இருக்கின்றன.

இப்போது கம்ப்யூட்டரில் 'பிக்சர்ஸ்' என்ற இடத்தில் ஒரு புது உறை உண்டாக்குங்கள். வருஷத்தை முதலில் எழுதி, பிறகு விஷயத்தை எழுதுங்கள்: '2008 புனலூர் ரயில்', '2009 தங்கை கல்யாணம்' என்று. தமிழிலேயே எழுதலாம், லினக்ஸ் ஆட்சேபிக்காது. வருஷம் முன்னால் நின்றால் உறைகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

பிறகு கார்டில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து (கன்ட்ரோல் பொத்தானோடு ஏ), 'காப்பி' செய்து (கன்ட்ரோலோடு ஸி), புது உறைக்கு வந்து 'பேஸ்ட்' செய்யுங்கள் (கன்ட்ரோலோடு வி). 'கட்' என்று இன்னொன்று இருக்கிறது. அதன் பக்கமே போகாதீர்கள். 'கட்' என்றால் எடுத்து மாற்றுவது. பாதி வழியில் மின்சாரம் போனாலோ கார்டு ஆடினாலோ, எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 'காப்பி' என்றால் பழையது பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

ஒவ்வொரு கார்டுக்கும் தனி உறை வேண்டும். காரணம், காமிரா தன் படங்களுக்கு வைக்கும் எண் 9999 வரைதான்; பிறகு 0001 என்று மறுபடி தொடங்கும். சில காமிராக்கள் கார்டை மாற்றினாலே ஒன்றிலிருந்து தொடங்கி விடும். ஆகவே கல்யாணப் படத்துக்கும் பிறந்த நாள் படத்துக்கும் ஒரே பெயர் அமைந்து விடுவது சகஜம். இரண்டையும் ஒரே உறையில் கொட்டினால், 'ஒன்றின் மேல் ஒன்றை எழுதட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று சொன்னால் கல்யாணம் காணாமல் போய்ப் பிறந்த நாள் மிஞ்சும்!

எண்ணிப் பாருங்கள்

வண்ணானுக்குப் போட்ட துணி திரும்பி வந்ததும் எண்ணாமல் மடித்து வைக்கிறோமா? இங்கேயும் அப்படித்தான். கார்டில் உள்ள உறையின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைப் பாருங்கள். எத்தனை படம், மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். புது உறையிலும் அதே மாதிரி பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப் போக வேண்டும். பிறகு முதலில், நடுவில், கடைசியில் என்று பத்துப் பதினைந்து படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். பாதி சாம்பல் நிறமாக ஏதாவது படம் வந்தால் அதை மறுபடி காப்பி செய்ய வேண்டும்.

எல்லாம் சரியானதும் கார்டை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். அதன் சின்னத்துக்குப் பக்கத்தில் மேல் நோக்கிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி, ஒட்டுக் கட்டிய கிளையைப் பிரித்த பிறகே எடுக்க வேண்டும். பென் டிரைவில் எழுதும்போது இது இன்னும் முக்கியம். 'எழுது' என்றதும் லினக்ஸ் அந்தக் கணமே எழுதி முடித்து விடுவதில்லை. பால் கணக்கை மனத்தில் வைத்துக் கொண்டு ஓய்வாக நோட்டில் எழுதுகிறோமே, அது மாதிரி கொஞ்சம் பின்தங்கி எழுதும். திரையில் முடிந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பாக்கி இருக்கலாம். நடுவில் பிடுங்கினால் அந்தப் பாக்கி போயிற்று.

தகராறு வந்தால்

ஒன்று: காமிராவோ கம்ப்யூட்டரோ 'கார்டு சரியில்லை, பார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டால், என்ன ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். கார்டை எடுத்து, அதன் உலோகப் பட்டைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு: புதுக் காமிராவின் 64 ஜிகாபைட் கார்டு பழைய லேப்டாப்பில் திறக்க மறுக்கலாம். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகள் 'எக்ஸ்பாட்' என்ற வேறு வகைக் கணக்கு முறையில் எழுதப்படுகின்றன. லினக்ஸின் உள்ளேயே அதற்கு இடம் கிடைத்தது 2019-ல்தான். இதற்குச் சுலபமான வழி, கார்டை எடுக்காமல் காமிராவையே ஒயரால் இணைப்பது. காமிராவின் மெனுவில் 'பி.டி.பி.' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கார்டைப் படிக்கும் வேலையைக் காமிரா பார்த்துக் கொள்ளும். படங்களை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். லினக்ஸில் 'ஜீபோட்டோ' என்ற இனாம் ஏற்பாடு ஆயிரக்கணக்கான காமிரா வகைகளோடு இப்படிப் பேசத் தெரிந்தது. பாட்டரி முழுக்க ஏறியிருக்கிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மூன்று: யாரோ தெரியாமல் படங்களை அழித்து விட்டார்களா? அழுது பிரயோஜனமில்லை, ஆனால் நம்பிக்கையும் இழக்க வேண்டாம். அழிப்பது என்றால் பெரும்பாலும், புத்தகத்தின் பொருளடக்கத்தில் தலைப்பை அடிப்பது போலத்தான். பக்கங்கள் உள்ளே இருக்கும், அவற்றின் மேல் வேறு ஏதாவது எழுதுகிற வரைக்கும். ஆகையால் அந்தக் கார்டில் இன்னொரு படம் கூட எடுக்காதீர்கள். உடனே பூட்டைத் தள்ளி எடுத்து வையுங்கள். 'போட்டோரெக்' என்ற இனாம் கருவி லினக்ஸில் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு அதை ஓட்டிப் பாருங்கள். அநேகமாக நல்ல பங்கு திரும்பி வரும்.

இன்னொரு பிரதி

இத்தனையும் செய்த பிறகு கார்டைத் துடைத்து விடலாமா? பொறுங்கள்! லேப்டாப்பும் ஒரு நாள் படுக்கும். அச்சன்புதூர் வீட்டில் விண்டோஸ் படுத்ததைப் பார்த்தோம் அல்லவா? ஆகையால் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். அச்சன்புதூர் மதினிக்குத் தென்காசியில் ஒரு தங்கை இருந்தால் அவள் வீட்டுப் பீரோ போதும். ஒரு வீட்டில் மழை ஒழுகினாலும் கறையான் புகுந்தாலும் திருடன் வந்தாலும் மற்ற வீட்டில் படம் இருக்கும். பதிலுக்கு அவள் வீட்டுப் படங்களை இவள் வைத்துக் கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்கிற சமயத்தில், அந்த டிஸ்க்கைப் போட்டுப் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து விட வேண்டும்.

படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன, இரண்டிலும் எண்ணிப் பார்த்தாயிற்று என்றால் மட்டுமே கார்டைத் துடைக்கலாம். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல், பூட்டை விலக்கிக் காமிராவிலேயே 'பார்மட்' கொடுங்கள். காமிராவுக்கு வேண்டிய முறையில் அதுவே கார்டைத் தயார் செய்து கொள்ளும். பழைய கார்டு என்றால் துடைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். புதுக் கார்டு ஒன்றும் யானை விலை இல்லை. பழையது மூன்றாவது பிரதியாக இருந்து விட்டுப் போகட்டும்.

வேலை எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து இரண்டு ஜிகாபைட் கார்டு என்றால், காப்பி செய்ய ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம்தான். எண்ணிப் பார்க்கவும், திறந்து பார்க்கவும் இன்னும் கொஞ்சம். இதற்குப் பிறகு உண்மையில் நேரம் பிடிக்கப் போவது வேறொன்று. படங்களைத் திரையில் போட்டதும் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நிற்பார்கள். "இது யார், பெரிய அத்தையா?" "இந்தச் சட்டை எனக்குச் சின்னதாய்ப் போச்சே!" என்று ஆரம்பிக்கும். அப்போதே யார் யார், எந்த ஊர் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். படத்தைக் கம்ப்யூட்டர் காப்பாற்றும். பெயரைச் சொல்ல அத்தைதான் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு ஆனதும் பீரோவைத் திறந்து அந்த உறையை எடுங்கள்.